பாடசாலையும் இலக்கமுறைக் குடிமையும்

‘குடிமை’ என்னுஞ் சொல் தமிழிற் பழமையானது. திருக்குறளின் 96ஆம் அதிகாரத்திற்கு அதுவே பெயர். ஆண்டு அது நற்குடிப் பிறந்தாரிடத்து இயல்பாய் அமைந்த பண்பைக் குறித்து நின்றது. பிற்காலத்தே ஆங்கிலக் கல்வியின் வழியாக வந்த குடியியற் பாடம், அரசுக்கும் அதன்கீழ் வாழ்வார்க்கும் இடையேயுள்ள உரிமை கடமைகளை உணர்த்துதற்கு அச்சொல்லின் வேரை எடுத்தாண்டது. இன்று மூன்றாவதொரு பொருளும் அதன்மேல் ஏறியுள்ளது. கணினி, கைத்தொலைபேசி, இணையம் என்பவற்றின் வழியாக மாந்தர் ஒருவரோடொருவர் பழகுமிடத்து ஒழுகவேண்டிய முறை யாதோ, அதனை ‘டிஜிட்டல் குடிமை’ என்றும் ‘இலக்கமுறைக் குடிமை’ என்றும் கல்வியாளர் வழங்குகின்றனர். நுணுகி நோக்கின், இம்மூன்றாம் பொருள் இரண்டாவதினும் முதலாவதற்கே அணித்தானது. அரசோ காவலரோ காணாதவிடத்தும் ஒருவன் எவ்வாறு ஒழுகுவான் என்பதன்றோ ஈண்டு வினா?

இவ்வொழுக்கத்தைப் பாடசாலையில் நிலைநிறுத்துதற்கு எழுதப்படும் ஆவணமே தொழினுட்பப் பயன்பாட்டு விதி எனப்படுவது. மேலைநாட்டுப் பாடசாலைகள் 1990களில் இணையத்தோடு இணைக்கப்பட்டபோது, மாணவனும் பெற்றோரும் கையொப்பமிடவேண்டிய ஒரு தாளாக இது தோன்றிற்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சிறுவர் இணையப் பாதுகாப்புச் சட்டம், இணைய இணைப்புக்கென மத்திய அரசு வழங்கும் கட்டணச் சலுகையைப் பெறும் பாடசாலைகளும் நூலகங்களும் தகாத படங்களைத் தடுக்கும் வடிகட்டிகளை அமைத்தல் வேண்டும் என்று விதித்தது. ஆதிகால விதிகள் பெரும்பாலும் ‘செய்யற்க’ என்னும் விலக்குகளின் நிரல்களாகவே இருந்தன. 2007இல் மைக் ரிபிள், ஜெரால்ட் பெய்லி என்னும் இருவர் பாடசாலைகளில் டிஜிட்டல் குடிமை பற்றி எழுதி வெளியிட்ட நூலே இந்நோக்கினைப் பெரிதும் மாற்றியது. தொழினுட்பத்தை எல்லாரும் அடையும் வாய்ப்பு முதலாக உடல்நலம், பாதுகாப்பு என்பன ஈறாக ஒன்பது கூறுகளை அவர்கள் வகுத்தனர். அவற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. விலக்கு என்பது ஒன்பதனுள் ஒரு சிறு பகுதியே என்பதும், எஞ்சியவை யாவும் கற்பிக்கப்படவேண்டியவை என்பதும் அறியப்படின் அமையும்.

மேலைநாடுகளிற் பாடசாலைக்கு முதலிற் கணினி வந்தது. பின்னர் இணையமும், அதனைத் தொடர்ந்து விதியும் வந்தன. மாணவன் சட்டைப்பையிற் கைத்தொலைபேசி புகுந்தது கடைசியிலேதான். வன்னிப் பெருநிலத்தில் இவ்வரிசை தலைகீழாயிற்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மாவட்டங்களின் பெரும்பகுதியில் 1990களில் மின்வழங்கல் இருக்கவில்லை. சாதாரண பற்றரிகளே தடைசெய்யப்பட்ட பொருள்களாயிருந்தன. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்னைக்கொண்டு வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அது. போத்தல் விளக்கின் புகையிற் பரீட்சைக்குப் படித்தவரும் அவரே. அத்தலைமுறையினரே இன்று பெற்றோராகவும், ஆசிரியராகவும், சில பாடசாலைகளில் அதிபராகவும் உள்ளனர்.

2009இற் போர் முடிவுற்றபின் செட்டிகுளத்து முகாம்களிலிருந்து மக்கள் படிப்படியாக ஊர் திரும்பியபோது, வீட்டிற்குக் கூரை அமையுமுன்னரே கைத்தொலைபேசி வாங்கியோர் பலர். இதனை ஆடம்பரம் என்று கருதுதல் தவறு. தமையன் கனடாவிலும், தங்கை தமிழகத்து முகாமிலும், தாய் மத்திய கிழக்கிலுமாகச் சிதறுண்ட குடும்பத்திற்குத் தொலைபேசியே திண்ணையும் முற்றமும் ஆயிற்று. ஆகவே வன்னிப் பிள்ளை இணையத்தை அறிந்தது பாடசாலைக் கணினி அறையில் அன்று. மாமன் அனுப்பிய திறன்பேசியில், அயலூர் உறவினரின் முகங்காணும் ஆவலின் வழியாகவே அறிந்தது. கற்பிப்பார் ஒருவருமின்றி நிகழ்ந்த கல்வி அது.

பாடசாலை இதனோடு சேர்ந்துகொண்டது 2020ஆம் ஆண்டிலாம். அவ்வாண்டு மார்ச் நடுப்பகுதியிற் கொவிட் நோயின் காரணமாக நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வியமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ இணையத்தளமும் தொலைக்காட்சிப் பாடங்களும் இருந்தனவெனினும், ஊர்ப்புறங்களில் உண்மையில் நடைபெற்ற கல்வி வட்ஸ்அப் குழுக்களின் வழியே நடைபெற்றது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்குகளின்படி அக்காலத்தே நாடு முழுவதிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டிலேயே கணினி இருந்தது. எனவே வகுப்பாசிரியர் கரும்பலகையிலோ தாளிலோ எழுதியதைப் படமெடுத்து அனுப்புவார். தாயின் தொலைபேசியிற் பிள்ளை அதனைப் பார்த்தெழுதி, எழுதியதைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பும். தந்தை வயலுக்கோ கடலுக்கோ தொலைபேசியைக் கொண்டுசென்றுவிட்டால் அன்றைய பாடம் இரவு எட்டு மணிக்கே தொடங்கும். வீட்டில் மூன்று பிள்ளைகளாயின் மூத்தது படிக்க மற்றிரண்டும் காத்திருக்கும். காட்டோரக் கிராமங்களில் அலைவரிசை கிடைக்கும் இடத்தைத் தேடி நடத்தல் வேண்டும். இத்துன்பம் வன்னிக்கு மாத்திரம் உரியதன்று. ஊவா மாகாணத்துப் போகிட்டியாவ என்னுஞ் சிற்றூரிற் பிள்ளைகளும் ஆசிரியரும் காட்டுவழியே பாறைமீதேறி இணையத்தைத் தேடிய செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. அதே ஆண்டு ஜூலை முதல் ஒக்ரோபர் வரை ஆசிரிய அதிபர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்வைத்து இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிநின்றன. அதனால் அந்த மெல்லிய நூலும் இடையில் அறுந்திருந்தது.

அந்நெருக்கடியில் ஆசிரியர் செய்த பணி பெரிது. தம் சொந்தப் பணத்தில் ரீலோட் போட்டுப் பாடம் அனுப்பியோர் பலர் என்பது எவரும் அறிந்ததே. ஆயினும் அவசரத்திற் கட்டிய கொட்டிலில் நிரந்தரமாகக் குடியிருத்தல் முறையாகாது. அக்குழுக்கள் யாதொரு விதியுமின்றித் தோன்றியவை. குழுவிற் சேர்ந்த ஒவ்வொருவரின் தொலைபேசி இலக்கமும் மற்றெல்லார்க்கும் தெரியும் என்பது அவ்வமைப்பின் இயல்பு. நாற்பது குடும்பங்கள் கொண்ட குழுவிற் பதினான்கு வயதுப் பெண்பிள்ளையின் இலக்கம், அவள் அறியாத ஒருவனின் அண்ணனுக்கும் மாமனுக்கும் எட்டிற்று. பாடசாலைகள் திறந்தபின்னும் குழுக்கள் கலைக்கப்படவில்லை. வீட்டுவேலை, கூட்ட அறிவித்தல், பிறந்தநாள் வாழ்த்து, யாரோ முன்னனுப்பிய வதந்தி என அனைத்தும் அவற்றிலேயே ஓடின. முகநூல், வட்ஸ்அப் முதலிய நிறுவனங்கள் 13 வயதுக்குக் குறைந்தோர் கணக்குத் தொடங்குதல் ஆகாது என விதித்துள்ளன. அவ்வெல்லை 1998இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சிறுவர் இணைய அந்தரங்கச் சட்டத்திலிருந்து பிறந்தது. பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விபரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டலாகாது என அச்சட்டம் கூறியமையால், நிறுவனங்கள் இசைவு கேட்கும் சுமையைத் தவிர்த்து வாயிலையே மூடின. ஆரம்பப் பிரிவுப் பிள்ளையைத் தாயின் பெயராலேனும் அவ்வாயிலினுள் முதலில் அழைத்துச் சென்றது பாடசாலையே என்பதை மறத்தலாகாது.

நிற்க. இன்று ‘பாடசாலைத் தொழினுட்ப விதி’ என்றவுடன் எவர் நினைவிற்கும் வருவது மாணவர் கைத்தொலைபேசி கொண்டுவரலாகாது என்பதொன்றே. இத்தடைக்கு உலகெங்கும் ஆதரவு பெருகிவருகின்றது. பிரான்சு 2018இற் சட்டத்தின்மூலம் பாடசாலைகளிற் கைத்தொலைபேசிப் பாவனையை விலக்கியது. யுனெஸ்கோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, உலக நாடுகளுள் நான்கில் ஒன்றிற்குக் குறைவானவையே அத்தகைய தடையைக் கொண்டிருந்தன எனக் கணித்தது. அதன்பின் ஒன்றிரண்டு ஆண்டுகளுள் அத்தொகை விரைந்து உயர்ந்தது. அவுஸ்திரேலியா இன்னும் ஒருபடி மேற்சென்று, 16 வயதுக்குக் குறைந்தோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருத்தலையே 2025 டிசெம்பர் 10 முதல் தடுத்துள்ளது. வகுப்பறையிற் கவனம் சிதறாமைக்குத் தடை வேண்டற்பாலது என்பதில் ஐயமில்லை. வறிய மாணவன் பிறன் கையிலுள்ள விலையுயர்ந்த கருவியைக் கண்டு ஏங்காமைக்கும் அது துணையாகும்.

ஆயினும் பாடசாலை நடைபெறுவது காலை 7.30 முதற் பிற்பகல் 1.30 வரை. எஞ்சிய பதினெட்டு மணிநேரத்திற்கு அவ்விதி வாய்திறப்பதில்லை. பிள்ளைக்குத் தீங்கு நேர்வது பெரும்பாலும் அப்பதினெட்டு மணிநேரத்திலேயாம். இழிவான செய்தி வருவதும், முன்பின் அறியாதவன் நட்புக் கேட்பதும், வகுப்புத் தோழியின் படத்தைத் திரித்துப் பரப்புவதும் இரவிலேயே நிகழ்கின்றன. மறுநாட் காலையில் அதன் விளைவு மாத்திரம் பாடசாலைக்கு வருகின்றது. ஒருநாள் வராத பிள்ளை மறுவாரமும் வராதிருக்கும். காரணம் கேட்பின் ‘காய்ச்சல்’ என்பர்.

தடையை நடைமுறைப்படுத்தும் முறையிலும் ஓர் இடர் உண்டு. இதனைப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை. மாணவனிடமிருந்து பறிக்கப்பட்ட தொலைபேசியை ஆசிரியர் திறந்து உள்ளே பார்த்தல் தகுமா? பார்த்தவிடத்துத் தகாத படமொன்று காணப்படின் செய்யத்தக்கது யாது? அதனைத் தம் தொலைபேசிக்கு மாற்றி, ‘சான்றாக’ அதிபருக்கும், ஒழுக்காற்றுக் குழுவிலுள்ள ஏனையோர்க்கும் அனுப்புவது பலருக்கும் இயல்பாகத் தோன்றும் வழி. அதுவே மிகப் பிழையான வழி. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 1995இற் சேர்க்கப்பட்ட 286அ பிரிவு, சிறுவரின் ஆபாசப் படத்தை வைத்திருத்தலையும் பரப்புதலையும் குற்றமாக்கியுள்ளது. நன்னோக்கத்தோடு செய்தாலும், ஒரு படம் ஐந்து தொலைபேசிகளுக்குப் பரவியபின் அப்பிள்ளையின் அவமானம் ஐந்து மடங்காகின்றது. கருவியை அணைத்துப் பூட்டிவைத்து, பெற்றோரை அழைத்து, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்னும் இலக்கத்தில் அறிவித்தலே தக்கது. எழுதப்பட்ட விதி இல்லாத பாடசாலையில் இஃது அவ்வேளை அங்கிருந்த ஆசிரியரின் அறிவுக்கும் பதற்றத்திற்கும் விடப்படுகின்றது.

விதி என்பது மாணவனை மாத்திரம் கட்டுவதன்று என்னும் உண்மை இங்கே தோன்றுகின்றது. வன்னியில் இவ்வுண்மை வேறெவ்விடத்தினும் மிகுதியாக வேண்டப்படுகின்றது. காரணம், நன்கொடைப் படம்.

2009இன் பின்னர் வன்னிப் பாடசாலைகளுக்குப் புலம்பெயர்ந்த தமிழர் செய்த உதவி அளப்பரியது. புத்தகப்பை, கொப்பி, காலணி, துவிச்சக்கரவண்டி, மாதாந்த உதவித்தொகை என அது பல வடிவிலும் வந்தது. அவ்வுதவி இன்றேல் படிப்பை இடைநிறுத்தியிருக்கக்கூடிய பிள்ளைகள் பலர். உதவி வழங்கப்படும் நிகழ்வு ஒவ்வொன்றிலும் படம் எடுக்கப்படுகின்றது. கொடையாளருக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பது அதற்குக் கூறப்படும் நியாயம், அது பொய்யன்று. பணம் அனுப்பியவர் அது உரியவரைச் சேர்ந்ததா என்று அறிய விரும்புதல் இயல்பு. ஆனால் அப்படம் கடித உறையில் வைத்து அனுப்பப்படுவதில்லை. முகநூலில் ஏற்றப்படுகின்றது. அதன்கீழ்ப் பிள்ளையின் பெயர், தரம், பாடசாலை, கிராமம் என்பனவும், ‘தந்தையை இழந்தவர்’, ‘தாய் மறுமணம் செய்தவர்’, ‘ஒரு காலை இழந்தவர்’ என்னும் குறிப்புகளும் எழுதப்படுகின்றன. புத்தகப்பையை ஏந்தி நிற்கும் அப்பிள்ளைக்குச் சிரிப்பதா தலைகுனிவதா என்று தெரியாது. அதன் ஏழ்மை ஊருக்குத் தெரிந்திருந்தது வேறு. உலகம் தேடியெடுக்கத்தக்க பதிவாக அது நிலைத்துவிட்டது வேறு.

படத்தின் பெறுமதியை வன்னி மக்கள் அறியாதவரல்லர். இடப்பெயர்வு ஒவ்வொன்றிலும் அல்பங்களை இழந்து, இறந்த தந்தையின் முகத்திற்குத் தேசிய அடையாள அட்டைப் படமொன்றன்றி வேறில்லாத வீடுகள் இன்றும் உள. காணாமலாக்கப்பட்ட பிள்ளையின் ஒரே படத்தைப் பிளாத்திக்கு உறையிலிட்டு நெஞ்சோடணைத்து, 2017 பெப்ரவரி முதற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். ஒரு முகத்தின் படம் அத்துணை அருமையாயிருந்த நிலத்திலே, உயிரோடிருக்கும் பிள்ளையின் படம் கேட்பாரின்றி நூற்றுக்கணக்காகச் சிதறுகின்றது. பிள்ளையிடம் இசைவு கேட்கும் வழக்கமே இல்லை. தாயிடம் கேட்கப்படினும், உதவிப் பொருள் மேசைமேல் இருக்கும்போது கேட்கப்படும் இசைவு இசைவாகுமா என்பது சிந்தித்தற்குரியது.

இது வெறும் நாகரிகப் பிரச்சினை அன்று. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. அச்சமவாயத்தின் குழு 2021இல் வெளியிட்ட 25ஆம் பொதுக் கருத்துரை, இணையவெளியிலும் அவ்வுரிமைகள் முழுமையாகப் பொருந்தும் என்றும், பிள்ளையின் அந்தரங்கத்திற்குப் பெற்றோராலும் பிறராலும்கூட ஊறு விளையலாம் என்றும் தெளிவுறுத்தியது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிறுவர் பற்றிய தரவுகளை நோய்விபரம், சமய நம்பிக்கை முதலியவற்றோடு ஒருங்கே வைத்து விசேட வகைத் தரவுகள் என்று வகுத்துள்ளது. அச்சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பிற்போடப்பட்டன என்பது உண்மையே. எனினும் சட்டம் வரும்வரை காத்திருத்தற்கு இதிற் பெருஞ்செலவு யாதுமில்லை. பிள்ளைகளைப் பின்புறமாக நிறுத்திப் படமெடுக்கலாம். கைகளையும் கொப்பிகளையும் மாத்திரம் எடுக்கலாம். பெயர்ப்பட்டியலைப் பாடசாலை முத்திரையோடு கொடையாளருக்குத் தனியஞ்சலில் அனுப்பலாம். ஆண்டிறுதியிற் பிள்ளைகளின் முன்னேற்றத்தை அதிபர் ஒரு கடிதத்தில் எழுதலாம். நல்ல கொடையாளர் இதனை வரவேற்பர். முகம் காட்டினாலன்றிக் கொடுக்கமாட்டேன் என்பவரிடம் வாங்குவதா விடுவதா என்பதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூடித் தீர்மானிக்கட்டும். ஆனால் அத்தீர்மானம் முன்கூட்டியே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். வாகனம் வாயிலில் வந்து நின்றபின் எந்த அதிபராலும் ‘இல்லை’ என்று சொல்ல இயலாது.

இனி, மாணவன் கற்கவேண்டியவற்றுள் தலையாயது எது என்பதை நோக்குவோமாயின், கேட்டதை ஆராயும் பழக்கமே அது எனலாம். இதற்கு இந்நாட்டிலேயே கசப்பான சான்றுண்டு. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஓர் உணவகத்தின் உணவிலே மலட்டு மருந்து கலக்கப்பட்டதென ஒரு காணொளி பரவிற்று. உணவகத்தாக்கும் பள்ளிவாசலுக்கும் தாக்குதல் நேர்ந்தது. அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் ஆராய்ந்தபோது அது மாக்கட்டி என்றும், மருந்து யாதும் இல்லை என்றும் கண்டனர். ஆனால் அதற்குள் மார்ச் முதல் வாரத்திற் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் கலவரம் மூண்டு, அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாட்களுக்கு முடக்கவேண்டியதாயிற்று. அக்கலவரத்தில் தம் தளத்திற்கிருந்த பங்கிற்காக முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தந் தெரிவித்தது. ஒரு மாக்கட்டியைப் பற்றிய பொய் இத்துணை செய்யுமாயின், பாணையும் மாவையும் நாள்தோறும் காணும் பிள்ளைக்கு அதனை எடுத்துக்காட்டாகக் கொண்டே இப்பாடத்தைப் புகட்டலாம். யார் சொன்னது, எப்போது எடுத்த படம், வேறெவர் இதனைச் சொல்கின்றனர் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பக் கணினியும் வேண்டா, கரும்பலகை போதும்.

அண்டையிலுள்ள கேரளம் இதிற் பல படி முன்னே சென்றுள்ளது. 2001இல் அங்கே தொடங்கிய பாடசாலைத் தகவல் தொழினுட்பத் திட்டம், விலைகொடுத்து வாங்கும் மென்பொருளை விடுத்துக் கட்டற்ற மென்பொருளைப் பாடசாலைகளுக்கு வழங்கிற்று. 2018இல் உயர்நிலைப் பாடசாலைகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் கழகங்கள் அமைக்கப்பட்டன. 2022இல் ‘சத்தியமேவ ஜயதே’ என்ற பெயரில் பொய்ச்செய்தியை இனங்காணும் பயிற்சி மாணவர்க்கு அளிக்கப்பட்டது. அங்கே மாணவரே கணினி அறையின் காவலர். இலங்கையிலோ தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் க.பொ.த. சாதாரண தரத்தில் விருப்புக்குரிய பாடங்களுள் ஒன்று மாத்திரமே. அதனை எடாத மாணவன் கடவுச்சொல் என்றால் யாது என்பதைப் பாடசாலையிற் கேளாமலே வெளியேறலாம். ஆகவே இதனைக் குடியியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் சமய ஆசிரியரும் பகிர்ந்தெடுத்தலே வழி. தமிழாசிரியர்க்கு இதிற் சிறப்பான பங்குண்டு. முகமறியாதாரோடு எழுத்திற் பேசும்போது ‘நீ’ எங்கே, ‘நீங்கள்’ எங்கே என்பதைச் சொல்லவல்லவர் அவரே.

மேலிடத்திலிருந்து நிறைவான வழிகாட்டல் வரும் என்று காத்திருத்தலும் பயனற்றது. 2025ஆம் ஆண்டின் இறுதியிற் புதிய கல்விச் சீர்திருத்தத்தின்கீழ் அச்சிடப்பட்ட ஆறாந் தர ஆங்கிலப் பாடத்தொகுதியிற் சிறுவர்க்குத் தகாத ஓர் இணையத்தளத்தின் பெயர் இடம்பெற்றிருந்தமை வெளிப்பட்டது. அத்தொகுதியின் விநியோகம் நிறுத்தப்பட்டு, ஆறாந் தரச் சீர்திருத்தமே 2027ஆம் ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. பல கண்களைக் கடந்துவரும் பாடநூலிலேயே இது நேருமாயின், ஆசிரியர் அவசரத்தில் அனுப்பும் இணைப்புகளைச் சொல்லவேண்டுவதில்லை. அனுப்புமுன் அதனை ஒருமுறை தாமே திறந்து இறுதிவரை பார்த்தல் என்பதும் விதியிற் சேரவேண்டிய ஒரு வரியாம்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கட்டுரை எழுதுவித்தல் புதிதாக எழுந்துள்ள சிக்கல். இதனைப் பலரும் பேரிடராகக் காண்கின்றனர். வழிகாட்டி நூலிலிருந்து கட்டுரையைப் பார்த்தெழுதும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருவதை நோக்கின், பழைய நோய்க்குப் புதிய பெயர் என்றே கொள்ளத் தோன்றுகின்றது. வகுப்பிலே கையால் எழுதுவித்து வாயாற் சொல்லுவித்தல் பழைய மருந்து. இன்றும் அது பலிக்கும்.

நல்ல விதி நீண்டதாயிருத்தல் வேண்டா. பிறநாட்டு ஆங்கில ஆவணத்தைப் பெயர்த்தெழுதி அலுமாரியிற் பூட்டிய பன்னிரண்டு பக்க விதியினும், எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிப் பெற்றோர் கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட்ட விதி மேலானது. எழுத்தறிவு குறைந்த பேரனும் பேத்தியும் வாழும் வீட்டில் அவர்தம் பாட்டியே பாதுகாவலராதல் வன்னியில் அரிதன்று. அவர் கேட்டு விளங்கிக்கொள்ளத்தக்கதாய் அது இருத்தல் வேண்டும். மாணவத் தலைவரும் அதனை எழுதுமிடத்து அமர்ந்திருத்தல் நன்று. பெரியோர் அறியாத வாயில்கள் பல அவர்க்குத் தெரியும். மாணவனுக்கு விலக்கியதை ஆசிரியர் வகுப்பறையிற் செய்தலாகாது என்பதும் அதில் இருத்தல் வேண்டும். இவ்வொரு வரிக்கே எதிர்ப்பு மிகும்.

முதற்கண் செய்யத்தக்கவை சில உள. 2020இல் தொடங்கிய பழைய குழுக்களை ஆண்டிறுதியிற் கலைத்தல் ஒன்று. அறிவித்தலுக்கெனக் குழு வேண்டுமாயின், 2022இல் வட்ஸ்அப்பிற் சேர்க்கப்பட்ட ‘கொமியூனிற்றி’ அமைப்பின் அறிவித்தற் குழுவில் உறுப்பினர் இலக்கங்கள் ஒருவர்க்கொருவர் தெரியா; நிர்வகிப்பவர்க்கே தெரியும். கணினி அறைச் சுவரில் ஒட்டியுள்ள கடவுச்சொல்லைக் கிழித்து மாற்றுதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் ஒரு பிற்பகல் போதும். கடினமானது பாடசாலையின் முகநூற் பக்கத்திலுள்ள பழைய நன்கொடைப் படங்களை அகற்றுதல். பாடசாலை தன் பக்கத்திலிருந்து அகற்றினும், அவை வெளிநாட்டுச் சங்கங்களின் பக்கங்களிலும் தனியார் பக்கங்களிலும் நிலைத்திருக்கும். அவர்களுக்குத் தனித்தனியே கடிதம் எழுதுதல் வேண்டும். 2012ஆம் ஆண்டளவிற் புத்தகப்பையோடு படமெடுக்கப்பட்ட ஆறு வயதுப் பிள்ளைகள் இப்போது இருபது வயதை எட்டியுள்ளனர். தம் படத்தை அகற்றுமாறு அவர்களே வந்து கேட்கும்போது, அக்கடிதத்தை யார் எழுதுவது, எத்தனை நாட்களுள் எழுதுவது என்பதையும் அவ்வொருபக்க விதியிலே குறித்துவைத்தல் வேண்டும்.